வீதியில் நிற்பதற்கு உரியோர் யார்? – ஒரு சிற்றூர்ச் சந்தியை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

வீதியிற் செல்வதற்குள்ள உரிமையும் வீதியில் நிற்பதற்குள்ள உரிமையும் ஒன்றல்ல. செல்பவர் தாம் கடக்கும் ஒவ்வோர் அடி நிலத்தையும் மறுகணமே பிறருக்கு விட்டுவிடுகின்றார். நிற்பவரோ ஓரிடத்தைத் தமக்கென வைத்துக்கொள்கின்றார். ஒருவர் நடந்து போவதனால் வீதி குறைவதில்லை. ஒருவர் வண்டியை நிறுத்துவதனால், அவ்வண்டியின் அளவுக்கேனும், அது குறைகின்றது. ஆயினும் எங்கும் நிற்க முடியாத வீதியினால் எவருக்கும் பயனில்லை. கடைக்குச் செல்பவர் கடையருகே நின்றேயாக வேண்டும். நோயாளியை ஏற்றி வந்தவர் வைத்தியர் வாயிலில் நின்றேயாக வேண்டும். எனவே, பொதுவான ஓரிடத்தில் எவர், எதன்பொருட்டு, எவ்வளவு நேரம் நிற்கலாம் என்னும் வினா, காவல்துறைக்கும் உள்ளூராட்சி மன்றத்துக்கும் மட்டும் உரிய நிருவாக வினாவாகத் தோன்றினும், அடிப்படையில் அஃது ஓர் அறவியல் வினாவேயாகும்.

ஈழத்துத் தமிழ் வழக்கில் வாகனங்கள் நிறுத்தும் இடம் ‘தரிப்பிடம்’ எனப்படும். தரித்தல் என்னும் சொல் நிலைத்து நிற்றலையும் குறிக்கும், தாங்குதலையும் குறிக்கும். ஒருவர் ஓரிடத்தில் தரிக்கும்போது அவரைத் தாங்குவது ஒன்று இருந்தேயாக வேண்டும் என்னும் உண்மை இச்சொல்லில் அடங்கியுள்ளது எனலாம். தாங்குவது யாது, அஃது எல்லோரையும் ஒரே வகையில் தாங்குகின்றதா என்பதே இவ்விடத்து ஆராயத்தக்கது.

உடுப்பிட்டிச் சந்தி

இவ்வினாவை ஆராய்வதற்குப் பெருநகரத்தைக் காட்டிலும் சிற்றூரே பொருத்தமான களமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியில் அமைந்துள்ள உடுப்பிட்டி அத்தகைய ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவசம்புப் புலவரின் பெயரோடு இணைத்து எண்ணப்படுவது. அமெரிக்கன் மிஷன் கல்லூரியாலும் மகளிர் கல்லூரியாலும் கல்வியுலகில் அறியப்பட்டது. 1960 ஆம் ஆண்டு முதல், விகிதாசாரத் தேர்தல் முறை 1989 இல் நடைமுறைக்கு வரும் வரை ஒரு பாராளுமன்றத் தொகுதிக்குப் பெயராகவும் இருந்தது. ஆயினும் ஊரின் மையம் திட்டமிட்டு அமைத்த சதுக்கமன்று. அது ஒரு சந்தி. வல்லை, நெல்லியடி, வல்வெட்டித்துறை ஆகிய பக்கங்களிலிருந்து வருவோர் ஒருவரையொருவர் எதிர்கொள்ளும் இடமே காலப்போக்கில் ஊரின் நடுவாகிவிட்டது. சந்திப்பதற்கென அமைந்த இடத்திலேயே நிற்பதற்கும் இடம் தேட வேண்டியிருப்பது சிற்றூர்கள் யாவற்றுக்கும் பொதுவான நிலையாகும்.

இந்நடுவிற்கு மக்கள் வந்து சேர்ந்த முறையும் காலந்தோறும் மாறியுள்ளது. குடாநாட்டின் ஊடாக 1905 இல் காங்கேசன்துறை வரை சென்ற புகையிரதப் பாதை வடமராட்சிக்குள் நுழையவில்லை. வடமராட்சியார் பலர் கொடிகாமத்தில் இறங்கி, மரப்பலகை அடித்த தட்டிவான்களில் ஏறி ஊர் சேர்ந்தனர். அதற்கு முன்னரும் பின்னரும் மாட்டுவண்டியும் கால்நடையும் இருந்தன. 1958 இல் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டபின் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் வண்டிகள் ஓடின. துவிச்சக்கர வண்டியோ எக்காலத்தும் குடாநாட்டின் உண்மையான ஊர்தியாக விளங்கியது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு எரிபொருள் வரவு தடைப்பட்டபோது, ஓடிய சிற்சில பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஏனையோர் அனைவரும் மிதித்தே சென்றனர். போர் 2009 இல் முடிந்து கண்டி வீதி திறக்கப்பட்டபின், மோட்டார்ச் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் கார்களும் வான்களும் பெருகின. 2020 இல் நிறுத்தப்பட்டிருந்த வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வண்டிகள் இவ்வாறு மாறியும் பெருகியும் வந்தபோது, பழைய சந்திகள் பெரும்பாலும் வண்டிலும் துவிச்சக்கர வண்டியும் கூடிய காலத்தின் அகலத்திலேயே நின்றுவிட்டன.

சுமைதாங்கியின் அறம்

வீதி என்பது செல்வதற்கு மட்டுமன்று, நிற்பதற்கும் உரியது என்னும் உணர்வு யாழ்ப்பாணத்து மரபுக்குப் புதிதன்று. தலைச்சுமையோடு நெடுவழி நடந்தோர்க்காகச் சுமைதாங்கிகள் நாட்டப்பட்டன. மேய்ச்சலுக்குச் சென்று திரும்பும் பசுக்கள் உடலை உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக் கற்கள் நிறுத்தப்பட்டன. வழிப்போக்கர் தங்க மடங்களும், நீர் அருந்தக் கேணிகளும், கோடையில் தண்ணீர்ப் பந்தல்களும் அமைந்தன. வீட்டு வாயிலில் கூரையிட்டு அமைத்த சங்கடப்படலை, வீட்டாருக்கு அறிமுகமற்ற ஒருவரும் வெயிலுக்கும் மழைக்கும் சற்றே ஒதுங்க இடமளித்தது. பருத்தித்துறையில், தும்பளை செல்லும் வீதியில், இன்றும் காணத்தக்க தெருமூடி மடம் இவ்வுணர்வின் உச்சம் எனலாம். அங்கே வீதியே மடத்தின் ஊடாகச் செல்கின்றது. இருமருங்கும் உயர்ந்த திண்ணைகள், மேலே கூரை, நடுவே செல்வோர்க்கு வழி. செல்பவரும் நிற்பவரும் ஒருவருக்கொருவர் இடையூறாகாது ஒரே கூரையின்கீழ் அடங்குவதற்கு அக்கட்டடம் ஒரு தீர்வு கண்டது.

இவற்றுள் சுமைதாங்கி சிறப்பாகக் கருதத்தக்கது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டுதல் தமிழரிடையே வழக்கமாயிருந்தது. இறக்கி வைக்கப்படாத ஒரு சுமையின் துயரம், பிறர் தம் சுமையை இறக்கி வைக்கும் இடமாக மாறிற்று. அதன் அமைப்பிலும் ஒரு நுண்மை உண்டு. சுமையாளர் குனியாமலும் பிறரை அழைக்காமலும் தலைச்சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு, இளைப்பாறியபின் தாமாகவே மீண்டும் ஏற்றிக்கொள்ளத்தக்க உயரத்தில் அஃது அமைந்தது. நிலத்தில் இறக்கிய சுமையைத் தூக்கிவிடப் பிறர் ஒருவர் வேண்டும். வருவோர் போவோரின் தயவுக்குக் காத்திருக்க வேண்டும். சுமைதாங்கியோ அத்தயவை வேண்டாததாக்கியது. பொதுவிடம் என்பதன் இலக்கணமும் இதுவே: எவருடைய தயவும் இன்றி எவரும் சற்று நேரம் தரிக்கக்கூடிய இடமே பொதுவிடம். சுமையை இறக்கியவர் அக்கல்லைத் தமதெனக் கொள்வதில்லை என்பதும் இவ்விலக்கணத்தின் மறுபாதியாகும்.

எனினும் பழமையைப் புகழ்ந்து அமைவது உண்மைக்கு மாறாகும். பழைய அறநிலையங்கள் எல்லாவற்றின் வாயிலும் எல்லோருக்கும் ஒரே வகையில் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலின் உள்ளும், கிணற்றின் அருகும், தேநீர்க் கடையின் வாங்கிலும் நிற்கவோ இருக்கவோ தடுக்கப்பட்டனர். பஸ் வண்டியில் ஆசனம் வெறுமையாக இருந்தும் அதில் அமர மறுக்கப்பட்ட காலமும் உண்டு. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் வழக்கம் எளிதில் மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், 1968 இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும், வடமராட்சி உட்படப் பல ஊர்களில் நிகழ்ந்த தேநீர்க் கடைப் பிரவேசங்களும், ஒரு வகையில் நோக்கின், ‘நிற்பதற்கு உரியோர் யார்’ என்னும் வினாவையே எழுப்பின. வீதியிற் செல்வதைத் தடுக்காத சமுதாயமும் ஓரிடத்தில் நிற்பதைத் தடுத்தது. சமத்துவத்தின் உரைகல் செல்லும் உரிமையைக் காட்டிலும் தரிக்கும் உரிமையிலேயே உள்ளது என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.

அரங்கும் ஆசனமும்

பொதுவான ஒன்றில் ஒருவர் தமக்கென ஓரிடம் கொள்வது எவ்வாறு நியாயமாகும்? கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் உரோம அறிஞர் சிசரோ, ஸ்டோயிக் தத்துவத்தினரின் கருத்தை எடுத்துரைக்குமிடத்து ஓர் உவமை காட்டினார். நாடக அரங்கு எல்லோருக்கும் பொதுவானது. ஆயினும் அதில் ஒருவர் அமர்ந்த ஆசனம் அவருடையது என்று கூறுவதில் தவறில்லை என்பது அதன் சாரம். பிற்காலத்தில் உடைமை பற்றிச் சிந்தித்தோர் பலர் இவ்வுவமையை எடுத்தாண்டனர். வாகனத் தரிப்பிடத்துக்கு இது மிகப் பொருந்துவதாகத் தோன்றும். முதலில் வந்தவர் நிறுத்தினார். அவர் எடுக்கும் வரை அவ்விடம் அவருடையது.

ஆனால் உவமையைச் சற்று நெருங்கி நோக்கின் இரு வேறுபாடுகள் புலப்படும். அரங்கிலே நாடகம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து செல்வர்; சந்தியில் அத்தகைய முடிவு இல்லை. அரங்கின் ஆசனத்தில் ஒருவர் தாமே அமர்ந்திருக்கின்றார். தரிப்பிடத்திலோ வாகனம் நிற்கும்போது அதன் உரிமையாளர் அங்கே இல்லை. அவர் வங்கியிலோ, கடையிலோ, உறவினர் வீட்டிலோ இருக்கின்றார். அவர் இல்லாத இடத்தை அவருடைய பொருள் காக்கின்றது. அப்பொருளிடம் எவரும் ‘சற்றே விலகுக’ என்று கேட்க முடியாது. நின்று கொண்டிருக்கும் மனிதர் முதியவர் ஒருவர் வரக் கண்டால் விலகி வழிவிடுவார். நிறுத்திய வாகனத்துக்குக் கண்ணோட்டம் இல்லை. எனவே, வாகனத்தை விட்டுச் செல்பவர் தாம் அங்கிருந்தால் யாருக்கெல்லாம் விலகியிருப்பாரோ, அவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே விலகி நிறுத்தும் கடப்பாடுடையவர் ஆகின்றார். இல்லாதபோதும் ஆற்ற வேண்டிய மரியாதை என்று இதனைக் கூறலாம்.

1795 இல் வெளிவந்த நிரந்தர சமாதானம் பற்றிய நூலில் இம்மானுவேல் கான்ற் வேறொரு தெளிவைத் தருகின்றார். பூமியின் பரப்பு எல்லையுடையது. மாந்தர் முடிவின்றி விலகிச் செல்ல இயலாது. எனவே ஒருவர் மற்றவரின் வருகையைப் பொறுத்தேயாக வேண்டும். இதிலிருந்து பிறப்பது வந்து செல்லும் உரிமை. விருந்தினராகத் தங்கும் உரிமையோ வேறு. அதற்குத் தனியான உடன்பாடு வேண்டும். நாடுகளுக்கிடையே கூறப்பட்ட இவ்வேறுபாடு ஊர்ச் சந்திக்கும் பொருந்தும். ஊரின் நடுவிற்கு வந்து, கருமம் முடித்துச் செல்லும் உரிமை ஊராருக்கும் அயலூராருக்கும் உண்டு. காலை முதல் மாலை வரை அங்கேயே வாகனத்தை விட்டுவைப்பது அவ்வுரிமையில் அடங்காது. அதற்கு ஊரின் உடன்பாடு தேவை.

இடைஞ்சல் என்னும் பெயர்

இக்கருத்துக்களைச் சிற்றூரின் நடைமுறையோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். எந்தச் சிற்றூர்ச் சந்தியிலும் பாடசாலை தொடங்கும் காலை வேளையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒரு கார் கடையொன்றின் முன்னே பாதி வீதியில் நிற்கின்றது. ஓரம் அடைபட்டமையால் பஸ் வண்டி வீதியின் நடுவே நிற்க நேர்கின்றது. முதிய பெண்ணொருவர் ஓடும் வண்டிகளுக்கிடையே இறங்குகின்றார். துவிச்சக்கர வண்டிகளில் வரும் மாணவியர் நிற்கும் பஸ்ஸைச் சுற்றி எதிர்ப்பக்கத்துக்கு விலகுகின்றனர். அதே வேளையில், மீன்பெட்டி கட்டிய துவிச்சக்கர வண்டியோடு கடையோரம் நின்ற வியாபாரியை நோக்கி, ‘தள்ளி நில்’ என்று ஒரு குரல் எழுகின்றது. காரை நோக்கி எக்குரலும் எழவில்லை. அளவினால் நோக்கின் கார் அடைத்த இடத்தில் அவ்வாறான துவிச்சக்கர வண்டிகள் பல நின்றிருக்கலாம். ஆயினும் ஒன்று ‘நிற்கின்றது’ எனப்படுகின்றது. மற்றையது ‘இடைஞ்சல்’ எனப்படுகின்றது.

இவ்வேறுபாடு எங்கிருந்து வருகின்றது? பெருநகரத்தில் நிறுத்தியவர் யாரென எவரும் அறியார். கட்டணமும் அபராதமும் எல்லோரையும் ஒன்றாகவே நோக்கும். சிற்றூரிலோ அது யாருடைய கார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் மதிப்புக்குரியவர், அல்லது உறவினர், அல்லது வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வந்தவர். சொன்னால் மனம் கோணும் என்று கருதி மௌனம் காக்கப்படுகின்றது. கிரேக்க அறிஞர் பிளேற்றோ தமது ‘குடியரசு’ நூலில், அணிந்தவரைப் பிறர் கண்ணுக்கு மறைக்கும் மோதிரம் ஒன்றைப் பற்றிய கதையைக் கூறி, அதை அணிந்த பின்னும் ஒருவர் நீதியோடு நடப்பாரா என்னும் வினாவை முன்வைத்தார். சிற்றூரில் அத்தகைய மோதிரம் மறைப்பதன்று, மதிப்பே அம்மோதிரம். அதை அணிந்தவரை எல்லோரும் காண்கின்றனர், எவரும் கேட்பதில்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வெள்ளைக் கோட்டுக்குள் ஒழுங்காக வாகனம் நிறுத்தப் பழகிய ஒருவர், ஊர்ச் சந்தியில் அவ்வாறு செய்யாவிடின், அங்கே அவரைக் கட்டுப்படுத்தியது அறமா அபராதமா என்னும் வினா தானாகவே எழும்.

இதற்கு ஒரு மறுப்பு கூறப்படலாம். காரில் வந்தவர் நோயாளியை ஏற்றி வந்திருக்கக் கூடும். வெளியே நிற்பவர் அதனை எவ்வாறு அறிவார்? மறுப்பு நியாயமானதே. தேவையின் கடுமை தரிக்கும் உரிமையைப் பெருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தேவையை அளப்பவர் தேவையுடையவராகவே இருக்கும்போது அளவு பிழைபடுவது இயல்பு. தமது ஐந்து நிமிடம் குறுகியதாகவும் பிறரது ஐந்து நிமிடம் நெடியதாகவும் தோன்றும். பயணி இறங்க இடமின்றி நிற்கும் பஸ் வண்டியில் நாற்பது பேருடைய ஐந்து நிமிடங்கள் உள்ளன என்பதை ஒருவர் கணக்கிற் கொள்வாராயின், தம் தேவையின் அளவு அவருக்கே விளங்கும்.

நிற்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலத்தையும் இக்குடாநாடு கண்டது. காவலரண்களைக் கடக்கையில் துவிச்சக்கர வண்டியிலிருந்து இறங்கி உருட்டிச் செல்ல வேண்டியிருந்தது. உரியவர் அருகில் இல்லாது நின்ற வண்டி அச்சத்துக்குரிய பொருளாயிற்று. அச்சத்தால் விளைந்த ஒழுங்கு அறத்தால் விளைந்த ஒழுங்கன்று. அச்சம் நீங்கியபின் ஒழுங்கும் நீங்குமாயின், அக்காலம் மக்களுக்கு எதையும் கற்பிக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

விதியும் வழக்கும்

சட்டம் இல்லாமலில்லை. 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம் நாடு முழுவதற்கும் உரியது. பிறருக்கு இடையூறாக வாகனத்தை நிறுத்துவது குற்றமே. உள்ளூராட்சி மன்றம் கோடுகள் வரையலாம், கட்டணமும் விதிக்கலாம். ஆயின் கட்டணம் மட்டுமே விடையெனக் கொள்ளின், பணமுடையோர் நாள் முழுதும் நிற்கவும் இல்லாதோர் ஒதுங்கவும் நேரும். இடையூறு நீங்காது, அதற்கு விலை மட்டுமே குறிக்கப்படும்.

பொதுவான வளத்தைத் தத்தம் நலம் கருதிப் பயன்படுத்துவோர் ஈற்றில் அதனை அழித்துவிடுவர் என 1968 இல் அமெரிக்க அறிஞர் கரெற் ஹார்டின் எச்சரித்தார். அவ்வழிவு தவிர்க்க முடியாததன்று என்பதை எலினோர் ஒஸ்ரம் 1990 இல் வெளியிட்ட நூலில் மேய்ச்சல் நிலம், நீர்ப்பாசனம், மீன்பிடி முதலியவற்றை ஆராய்ந்து காட்டினார். பயன்படுத்துவோர் தாமே விதிகளை வகுத்து, தாமே கண்காணித்து, மீறுவோரைப் படிப்படியாகத் திருத்தும் இடங்களில் பொதுவளம் நிலைத்தது. அவ்வாய்வுகளுக்காக அவர் 2009 இல் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றார்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 2022 இல் இலங்கை எங்கும் எரிபொருள் நிலையங்களின் முன்னே வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையாக நின்றன. உரியவர் வீடு சென்று திரும்பும் வரை வாகனம் மட்டும் வரிசையிற் காத்து நின்றது. ஆள் இல்லாத பொருள் இடம் காத்தல் அங்கே பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏனெனில் அஃது எல்லோருக்கும் தெரிந்த தேவை, எல்லோருக்கும் ஒரே விதி. அவ்வாண்டு ஜூலையில் பங்கீட்டு முறை வருமுன்னரே, வந்த ஒழுங்கில் நிற்றல் என்னும் வழக்கத்தை மக்கள் தாமே பேணினர். பூசலும் முறைகேடும் இருந்தன. எனினும் முறைகேட்டை முறைகேடு என்று உரத்துச் சொல்லும் துணிவும் இருந்தது. வரிசையில் முந்தியவர் எத்தகைய மதிப்புடையவராயினும் அவரைக் கேட்கக் குரல் எழுந்தது. சந்தியில் இல்லாததும் வரிசையில் இருந்ததும் அக்குரலே.

முடிவுரை

வள்ளுவர் ஒப்புரவு என்னும் பண்புக்கு ஓர் அதிகாரம் வகுத்து, ஊரார் உண்ணும் நீர்நிலையையும் ஊர் நடுவே பழுத்த மரத்தையும் உவமையாகக் கொண்டார். ஒருவரது செல்வம் ஊர் நடுவே வந்து நிற்கும்போது அஃது ஊருக்குப் பயன்பட நிற்க வேண்டும் என்பது அவற்றின் குறிப்பு. இன்று ஊர் நடுவே வந்து நிற்கும் செல்வம் பெரும்பாலும் வாகனமாக உள்ளது. அது பயன்படாவிடினும் பிறர் பயனைக் கெடுக்காது நிற்றல் ஒப்புரவின் முதற்படியாகும்.

ஒரு சிற்றூர் தன் நடுவிடத்தை நியாயமாகப் பேணுகின்றதா என்பதை அறிவதற்கு அங்கே எத்தனை கார்கள் நிறுத்தலாம் என்று எண்ணிப் பயனில்லை. வாகனமே இல்லாதவர், பஸ்ஸிலிருந்து இறங்குபவர், துவிச்சக்கர வண்டியில் மீன் கொண்டு வருபவர் ஆகியோர் எவருடைய தயவும் வேண்டாது அங்கே சற்று நேரம் நிற்க முடிகின்றதா என்பதே காணத்தக்கது. அவர்களுக்குரிய இடம் முதலிலும், நோயுற்றோரையும் சுமையையும் ஏற்றி வருவோர்க்குரிய இடம் அடுத்தும், வசதிக்காக நிறுத்துவோர்க்குரிய இடம் சற்றுத் தொலைவிலுமாக வகுக்கப்படுதல் முறையாகும். தொலைவு என்பதும் சிற்றூரில் சில நிமிட நடையே. அந்நடையை ஏற்க மறுப்பவர் தம் சுமையைப் பிறர் தலையில் இறக்கி வைக்கின்றார்.

சுமைதாங்கிகள் பல இன்று வீதி அகலிப்பில் மறைந்தன. எஞ்சியவை பயனின்றி நிற்கின்றன. தலைச்சுமை மறைந்தமையால் அதற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் வந்தவர் இறக்கி வைத்து, இளைப்பாறி, ஏற்றிக்கொண்டு, அடுத்தவருக்காக வெறுமையாக விட்டுச் சென்ற அந்த முறை, கல் மறைந்தாலும் மறையத்தக்கதன்று.